தாணுமாலயன் வைத்த கனி

தாணுமாலயன் அண்ணாச்சிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. தியானத்துக்குக் கண்ணை மூடினால் மூன்றாவது நிமிஷம் எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைத் திருகிக்கொண்டிருப்பார். பொதுப்பணித் துறையில் முப்பத்தோரு வருஷம் இன்ஜினியராக இருந்தவர். கோணலாக ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதை நிமிர்த்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. மடத்தில் சோறு போடுகிறவன் நான். அதனால் தெரியும்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பூதப்பாண்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் ஐந்து ஓட்டு அறை, ஒரு கூடம், ஒரு கிணறு. மொத்தம் ஒன்பது பேர். எங்கள் குரு கோமதி சாமிக்கு வயது நாற்பத்திரண்டு. அண்ணாச்சிக்கு அறுபத்தைந்து. அவர் இவரைச் சாமி என்பார், சாமி அவரை அண்ணாச்சி என்பார். வெளியாட்கள் வந்தால் யார் குரு, யார் சீடர் என்று கொஞ்சம் முழிப்பார்கள். எங்களுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. மண்வெட்டி பிடித்துக் கொத்துகிறவர் சாமி. பக்கத்தில் நின்று மண்வெட்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்கிறவர் அண்ணாச்சி.

பங்குனி முடிய இரண்டு நாள் இருந்தது. விடியலில் சாமி பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"சாமி, கொன்றை போச்சு."

"எங்க போச்சு?"

"ராத்திரி மழையில கொட்டிப் போச்சு. மரத்துல ஒரு கொத்து இல்ல. கனிக்கு என்ன செய்ய?"

"வேற என்ன பூத்திருக்கு?"

"இருக்கு. ஆனா கொன்றை இல்லாம கனியா?"

சாமி அடுத்த பாத்திக்கு மடையைத் திருப்பினார்.

சித்திரை முதல் நாள் கண் விழித்ததும் காண்பது நல்லதாக இருக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் கனி வைப்போம். முந்தின நாளே ஒரு மேசையில் பழம், வெள்ளரிக்காய், வெற்றிலை, கண்ணாடி, விளக்கு, பூ எல்லாம் அடுக்கிவிடுவது. விடிந்ததும் ஒவ்வொருத்தரையும் பின்னால் நின்று கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து மேசைக்கு முன் நிறுத்திக் கையை எடுப்பது. மடத்தில் வருஷத்துக்கு ஒருவர் முறை. சாமி வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று. பூ மட்டும் அவரவர் வளர்த்ததாக இருக்க வேண்டும். கடைப்பூ கூடாது.

இந்த வருஷம் அண்ணாச்சி முறை. முறை வராவிட்டாலும் அடம்பிடித்து வாங்கியிருப்பார். அவர் மகள் பகவதி கனி காண வருகிறாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அப்பாவைப் பார்க்க வருகிறாள்.

நடுவில் ஒரு தடவை வந்தாள், அம்மா செத்ததற்கு. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாள். அதன் பிறகுதான் அண்ணாச்சி வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்தார். வந்த புதிதில் மகளுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவார். எது நியாயம், எது தப்பு, யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக இருக்கும். பதில் வராது. சாமிதான் ஒருநாள், "தோட்டத்துல இன்னைக்கு என்ன பூத்துதோ அதை மட்டும் எழுதிப் போடுங்க" என்றார். மாசம் ஒரு கார்டு. இன்று மந்தாரை பூத்தது. இன்று நந்தியாவட்டை பூத்தது. அப்படிப் பதினோரு கார்டு போனது. பன்னிரண்டாவதுக்குப் பதில் வந்தது. கனிக்கு வருகிறேன், அன்றைக்கே கிளம்பிவிடுவேன் என்று ஒற்றை வரி. அந்தக் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து இரண்டு தடவை நான் எடுத்துக் கொடுத்தேன்.

நிலைமை அவருக்குப் புரியாமலில்லை. இந்த ஒரு விடியல் தவறினால் இன்னொன்று இல்லை. அவள் திரும்ப வரமாட்டாள்.

அன்று அவர் சும்மா இருக்கவில்லை. கிராஃப் தாளில் மேசையை வரைந்தார். நீளம் நாலடி, அகலம் இரண்டரை. எந்த மூலையில் எந்தப் பூ, எத்தனை அங்குலம் உயரம், எல்லாம் குறித்தார். தோட்டத்தில் போய் ஒவ்வொரு செடியாக எண்ணினார். எண்ணிவிட்டு அடுக்களைக்கு வந்தார்.

"வேலாயுதம், தோவாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற முகம் இல்லை அது. பூச்சந்தைக்குப் போகிற முகம். சாமி பின்னால் நின்றிருந்தார்.

"தோவாளைப் பூ நல்லா இருக்கும், அண்ணாச்சி. ஆனா அது பூத்ததா நீங்க அவளுக்குக் கார்டு போடலையே."

அண்ணாச்சி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் மதியம் பூப்பறிக்க ஆரம்பித்தார். அந்தக் கொடுமையை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு பூவையும் கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பார். இதழில் புழு கடித்த துளை இருந்தால் வேண்டாம். காம்பு வளைந்திருந்தால் வேண்டாம். ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்திருந்தால் வேண்டாம். அதையெல்லாம் செடியிலேயே விட்டுவிட்டார். தேறியதைக் கூடத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு கேந்திப்பூவுக்கும் ஈர்க்குச்சி குத்தி, சாயாமல் நிறுத்தினார். நூல் பிடித்து வரிசை பார்த்தார். மூன்று மணிக்கு முடித்தார். மூன்றரைக்குக் கலைத்தார். நாலரைக்கு மறுபடி முடித்தார்.

"சாமி, வந்து பாருங்க. சரியா இருக்கா?"

சாமி வந்து பார்த்தார்.

"சரியா இருக்கு."

"நடுவுல பிச்சி வச்சிருக்கேன். செம்பருத்தி வச்சா இன்னும் எடுப்பா இருக்குமோ?"

"அவளுக்கு எது பிடிக்கும்?"

அண்ணாச்சி யோசித்தார். மேசையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பிச்சி பிடிக்கும்."

"நான் பகவதிக்கு எது பிடிக்கும்னு கேட்டேன்."

அண்ணாச்சி ஒரு பூவை அரை அங்குலம் தள்ளி வைத்தார்.

"விளக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா சாமி?"

"எந்தப் பக்கமும் எரியும். யாரு அவ கண்ணைப் பொத்திக் கூட்டிட்டு வரப் போறா?"

"நீங்கதான்."

"நான் அவளுக்கு யாரு?"

"எனக்கு இங்க வேலை இருக்கு சாமி. திரி தூண்டணும். பூவுக்குத் தண்ணி தெளிக்கணும். யாராவது ஒருத்தர் மேசைகிட்ட நிக்கணும்லா?"

அண்ணாச்சி மேலும் இரண்டு பூவை நகர்த்தினார். பிறகு கையிலிருந்த ஈர்க்குச்சியைக் கீழே வைத்தார்.

"கடைசியா இந்தக் கை அவ முகத்துல பட்டது நிச்சயதார்த்தத்துல, சாமி."

எங்கள் யாருக்கும் அதுவரை அது தெரியாது. வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்த நான் அப்படியே இருந்துவிட்டேன்.

"மண்டபம் நான் பிடிச்சது. மாப்பிள்ளை நான் பாத்தது. யாரு எங்க உக்காரணும்னுகூட எழுதி ஒட்டியிருந்தேன். எல்லாரும் வந்தாச்சு. தட்டு மாத்துற நேரத்துல எழுந்து, எனக்கு வேண்டாம்ப்பா, நான் வேற ஒருத்தரைக் கட்டிக்கிறேன்னு சொன்னா. சத்தம்கூட போடல, மெதுவாத்தான் சொன்னா. நான் அடிச்சேன். முந்நூறு பேர் பாக்க அடிச்சேன். காதுல கிடந்த தோடு தெறிச்சு விழுந்துது. அவ குனிஞ்சு அதை எடுத்துக்கிட்டு வெளியே போனா."

சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. வெட்கம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அந்த நேரத்திலேயே பாவமாகவும் இருந்தது.

"இந்தக் கையால எப்படி அவ கண்ணைப் பொத்துவேன்? சொல்லுங்க."

சாமி என்னைக் கூப்பிட்டார். "வேலாயுதம், இங்க வந்து நில்லு. அண்ணாச்சி, இவன் கண்ணைப் பொத்துங்க."

அண்ணாச்சி எனக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு கையும் என் கண் மேல் வந்தது. வந்த வேகத்தில் நடுங்கியது. விரலெல்லாம் என் புருவத்தில் தந்தி அடித்தது.

"நடுங்குது சாமி."

"நாளைக்கும் நடுங்கும்."

"அதுக்கு என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

ஒன்றும் செய்யாதே என்று அண்ணாச்சியிடம் சொல்வதும் பட்டினி கிட என்று என்னிடம் சொல்வதும் ஒன்றுதான். கையை எடுத்துவிட்டு நேராக மேசைக்குப் போனார். மூன்றாவது தடவையாகக் கலைத்தார்.

ஆறு மணி பஸ்ஸில் பகவதி வந்தாள். தோளில் ஒரு பை. ஒல்லியாக, அப்பாவைப் போலவே நீண்ட விரல். முப்பத்துமூன்று முப்பத்துநாலு வயது இருக்கும். அண்ணாச்சி கூடத்திலிருந்து வாசலுக்கு வந்தார். இரண்டு கையிலும் பூத்தூள் ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

"பஸ்ஸுல கூட்டமா?"

"இல்ல."

"வழி தெரிஞ்சுதா?"

"கேட்டு வந்தேன்."

"சாப்பிட்டு... வேலாயுதம் இலை போடுவான்."

"சரி."

அவள் கூடத்துப் பக்கம் திரும்பினாள். உடனே அண்ணாச்சி குறுக்கே போய்க் கதவைச் சாத்தினார்.

"இப்பப் பாக்கக் கூடாது. காலையிலதான்."

"சரி" என்றாள் பகவதி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வருஷக்கணக்காக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகியவள் மாதிரி சொன்னாள்.

அவள் சாப்பிட உட்கார்ந்தபோது இவர் மறுபடி கூடத்துக்குள் போய்விட்டார். நான் பரிமாறிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். நூலைக் கட்டி வரிசை பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனைப் பிடித்து உலுக்கினால் என்ன என்று இருந்தது. மகள் பத்தடி தூரத்தில் தனியாக உட்கார்ந்து ரசம் குடிக்கிறாள்.

சாமி போய் அவர் தோளைத் தொட்டார்.

"போதும். சாவியைக் குடுங்க."

"ஒரே ஒரு வரிசை மட்டும்..."

"சாவி."

கொடுத்தார். கொடுத்த பிறகும் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சித்திரை ஒன்று. அண்ணாச்சி விடிவதற்கு முன்னால் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கூடத்து வாசலில் வந்து நின்றார். நாங்களெல்லாம் அவரவர் அறையில் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடக் காத்திருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் மூடவில்லை. அடுப்பு மூட்டுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு எப்படி மூட்டுவது? அடுக்களையிலிருந்து கூடத்து வாசல் தெரியும், கதவு திறந்தால் உள்ளே மேசையும் தெரியும்.

அண்ணாச்சி கையை முன்னால் நீட்டிப் பார்த்தார். நடுங்கியது. மடக்கிக்கொண்டார். மறுபடி நீட்டினார். வாசலுக்கும் தூணுக்கும் ஐந்தாறு தடவை நடந்தார்.

கூடத்துக் கதவு உள்ளிருந்து திறந்தது. பகவதி வெளியே வந்தாள். தலை ஈரம். கையும் ஈரம். சேலை விளிம்பில் தோட்டத்து மண். பின்னால் சாமி வந்தார்.

"நீ எதுக்கு உள்ள போன?" அண்ணாச்சிக்குக் குரல் உயர்ந்தது. "சாமி, இவ பாத்துட்டாளா? நான் இன்னும் கண்ணைப் பொத்தவே இல்லையே?"

"பாத்துட்டா" என்றார் சாமி.

"அப்ப என் கனி?"

"கிணத்தடியில ரெண்டு வாளியில இருக்கு. மத்தியானம் எல்லாரும் தலையில வச்சுக்கலாம்."

அண்ணாச்சிக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. அவருக்குக் கோபம் வந்ததை நான் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பூ. மூன்று தடவை கலைத்து அடுக்கிய பூ.

"ஏன் சாமி? என்ன தப்பு பண்ணினேன்?"

"நீங்க வச்சதை நீங்க நேத்தே பாத்தாச்சு. இன்னைக்குக் காலையில உங்களுக்குக் காண என்ன இருக்கு? அதான் இவளை வைக்கச் சொன்னேன். நாலு மணிக்கு எழுந்து உங்க தோட்டத்துல பறிச்சா."

"தோட்டத்துல ஒண்ணும் இல்லையே. நல்லது எல்லாத்தையும் நான் பறிச்சிட்டேன்."

"இருந்துது" என்றாள் பகவதி.

சாமி அவளைப் பார்த்தார். அவள் தயங்கினாள். ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். பிறகு அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் உயரம். அவளுக்கு எட்டவில்லை.

"குனியணும்" என்றாள்.

தாணுமாலயன் அண்ணாச்சி முழங்காலை மடித்துக் குனிந்தார். மகளின் இரண்டு கையும் அவர் கண் மேல் வந்தது. அப்படியே பாதி உட்கார்ந்தபடி, கிழவன் மாதிரி, அவள் தள்ளிய பக்கமெல்லாம் நடந்தார். நிலைப்படியில் கால் இடித்தது. "படி" என்றாள், இடித்த பிறகு. யாராவது எதையாவது தப்பாகச் செய்தால் சும்மா விடாத மனுஷன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. அவள் கை ஈரமா, அவர் கண் ஈரமா என்று எனக்குத் தெரியவில்லை.

மேசைக்கு முன்னால் நிறுத்திக் கையை எடுத்தாள்.

வெள்ளரிக்காய் இருந்தது, விளக்கு இருந்தது. பூவெல்லாம் நேற்று அவர் வேண்டாம் என்று விட்டவை. புழு கடித்த மந்தாரை. காம்பு வளைந்த நந்தியாவட்டை. ஒரு பக்கம் சிறுத்த செம்பருத்தி. ஈர்க்குச்சி ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரு பித்தளைச் செம்பிலும் இரண்டு டம்ளரிலும் அவரவர் இஷ்டத்துக்குச் சாய்ந்து நின்றன. நடுவில் கொடியோடு பறித்த சங்குப்பூ நீலமாகக் கிடந்தது. அது வேலியில் தானாகப் படர்ந்தது. அதை அவர் பூவாகவே எண்ணவில்லை.

"இதுதான் எனக்குப் பிடிக்கும்" என்றாள் பகவதி. "சின்னதுலேருந்தே."

"ம்."

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அழுகிறார் என்று நன்றாகத் தெரிந்தது. அழுகையை மறைக்கவும் இல்லை. மகள் பக்கத்தில் வந்து நின்றாள். தோளுக்கும் தோளுக்கும் ஒரு சாண் இடைவெளி. எனக்கு அடுப்பு மறந்துபோனது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான்கூட நினைத்தேன்.

டம்ளரில் ஒரு கேந்திப்பூ தலை தொங்கிச் சாய்ந்திருந்தது. அண்ணாச்சியின் வலது கை தானாக எழுந்தது. நிமிர்த்தத்தான் போனது. பழக்கம்.

பகவதியின் முகம் சட்டென்று பின்னால் போனது.

இரண்டு விரற்கடைதான் இருக்கும். கண் இறுக மூடியிருந்தது. அவள் நினைத்துச் செய்யவில்லை. உடனே கண்ணைத் திறந்துவிட்டாள். அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். "சும்மா."

வந்ததிலிருந்து அப்போதுதான் அப்பா என்றாள்.

அண்ணாச்சியின் கை அந்தரத்தில் நின்றது. பூவைத் தொடவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒன்பது வருஷம் ஆகியும் அவள் முகம் அந்த அடியை மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் அதற்கு முன் நடுங்கி நான் பார்த்திருக்கிறேன். அப்போது நடுங்கவில்லை. கல்லாக நின்றார். பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, விளக்குக்குப் பக்கத்தில் நின்ற குருவைப் பார்த்தார்.

"சாமி" என்றார். "இந்தக் கையை நான் என்ன செய்யட்டும், சாமி?"

சாமி திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் என்கிட்டயே கேக்கிறீங்க. அடி வாங்கினது நானா, அண்ணாச்சி?"